போலீஸ் சோதனை: கைப்பற்றிய பொருள் சாட்சியமாவது எப்படி?

கொலை நடந்த வீடு. சிமெண்ட் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் காய்ந்து கிடக்கிறது. போலீஸார் உளியால் அந்த இடத்தைக் கொஞ்சம் பெயர்த்து ஓர் உறையில் போடுகிறார்கள். பிறகு கறையே இல்லாத இடத்தில் அதே அளவு பெயர்த்து இன்னோர் உறையில் போடுகிறார்கள். ‘ரத்தக்கறை படிந்த சிமெண்ட் காரை, ரத்தக்கறை படியாத சிமெண்ட் காரை’ என்ற இந்த ஜோடியைத் தமிழ்நாட்டின் கொலை வழக்குத் தீர்ப்புகள் பலவற்றில் பார்க்கலாம். மண் தரையானால் ரத்தக்கறை படிந்த மண், படியாத மண்.

கறை இல்லாத துண்டு எதற்கு? ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் முதற்கட்டச் சோதனைகள் வேறு சில பொருள்களுக்கும் பதில் தந்துவிடும். ப்ளீச்சிங் பவுடர், செம்பு, சில காய்கறிகளின் சாறுகூட ரத்தம்போல நடிக்கும். கறையில்லாத துண்டிலும் அதே பதில் வந்தால், அது தரையின் குணம், ரத்தத்தின் குணம் அல்ல என்று தெரிந்துவிடும். அந்த இரண்டாவது உறை இல்லையென்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்விக்கே ஆய்வக அறிக்கை தடுமாறும்.

எடுத்த பொருள் எதுவும் தானாகப் பேசாது. எந்த அதிகாரத்தில் எடுத்தார்கள், எங்கே, எத்தனை மணிக்கு, யார் கண் முன்னால், அதன்பிறகு யார் கையில் இருந்தது என்பதையெல்லாம் கூடவே வரும் காகிதம் சொல்ல வேண்டும். இந்தியாவில் இதற்கான விதிகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இருக்கின்றன. சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இருந்த இடத்துக்கு வந்தது இதுதான்.

வாரண்ட் வேண்டுமா?

நீதிமன்றத்தின் வழி ஒன்று உண்டு. ஒரு பொருளையோ ஆவணத்தையோ கொண்டுவந்து தரச் சொல்லி 94ஆம் பிரிவின் கீழ் உத்தரவு போகும். அந்த நபர் தரமாட்டார் என்று நம்பக் காரணம் இருந்தால் 96ஆம் பிரிவின் கீழ் சோதனை வாரண்ட் பிறக்கும்.

புலன் விசாரணையில் அதிகம் பயன்படுவது 185ஆம் பிரிவு. இதில் வாரண்ட் தேவையில்லை, ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஏற்கெனவே விசாரணையில் உள்ள ஒரு குற்றம் இருக்க வேண்டும். அதற்குத் தேவையான பொருள் தன் காவல் நிலைய எல்லைக்குள் குறிப்பிட்ட இடத்தில் இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். வேறு வழியில் போனால் வீண் தாமதமாகும் நிலை இருக்க வேண்டும். அந்தக் காரணத்தையும், இயன்றவரை தேடும் பொருளையும், வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். ‘போய்ப் பார்ப்போம், ஏதாவது சிக்கும்’ என்பது காரணமாகாது.

எழுதிய குறிப்பின் நகல் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள நடுவர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பழைய சட்டத்தில் ‘உடனடியாக’ என்று மட்டும் இருந்தது, மணிக்கணக்கு புதிது. வீட்டுக்காரர் விண்ணப்பித்தால் நடுவர் அந்த நகலை இலவசமாகத் தர வேண்டும். பலருக்குத் தெரியாத உரிமை இது.

விசாரணை அதிகாரி முடிந்தவரை தானே நேரில் சோதனை செய்ய வேண்டும். முடியாதபோது கீழுள்ள அதிகாரியை அனுப்பலாம். ஆனால் காரணத்தையும், எந்த இடத்தில் எதைத் தேட வேண்டும் என்பதையும் எழுத்தில் தர வேண்டும். வாய்மொழி உத்தரவு போதாது.

சாட்சிகள், மகசர், கேமரா

103ஆம் பிரிவு சோதனை நடக்கும் விதத்தைச் சொல்கிறது. தொடங்கும் முன் அந்தப் பகுதியில் வசிக்கும், வழக்கோடு தொடர்பில்லாத, மதிப்புள்ள இருவரையாவது அழைக்க வேண்டும். யாரும் வராவிட்டால் வேறு பகுதிக்காரர்களை அழைக்கலாம். எழுத்து மூலம் அழைத்தும் தக்க காரணமின்றி வர மறுப்பது குற்றம். வீட்டில் இருப்பவரோ அவர் சார்பில் ஒருவரோ சோதனையின்போது கூடவே இருக்கலாம். வெளியே போகச் சொல்ல முடியாது. பெண்ணின் உடலைச் சோதிக்க வேண்டுமானால் பெண்தான் சோதிக்க வேண்டும், கண்ணியம் குறையாமல்.

கிராமப்புறத்தில் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சிகளாக நிற்பது வழக்கம். அரசு ஊழியர் என்பதாலேயே அவர் சாட்சியம் கெட்டுவிடாது. ஆனால் நடுத்தெருவில், பத்து வீடுகளுக்கு நடுவே நடந்த சோதனைக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்து சாட்சி வந்தார் என்றால், பக்கத்து வீட்டுக்காரரை ஏன் கூப்பிடவில்லை என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் கோப்பில் இருக்க வேண்டும்.

கைப்பற்றிய ஒவ்வொரு பொருளும் எந்த இடத்தில் இருந்தது என்பதோடு பட்டியலாகி, அதில் சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். தமிழ்நாட்டில் இதைத்தான் கைப்பற்றுதல் மகசர் என்கிறோம். சம்பவ இடத்தின் நிலையை விவரிப்பது பார்வை மகசர். அதோடு மாதிரி வரைபடமும் சேரும். கைப்பற்றுதல் மகசரின் நகல் ஒன்றை வீட்டுக்காரரிடம் தர வேண்டும். கைது செய்தவரைச் சோதித்து எடுத்த பொருள்களுக்கும் ரசீது உண்டு.

நல்ல மகசருக்கும் மோசமான மகசருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வரியில் பார்க்கலாம். ‘வீட்டிலிருந்து கத்தி ஒன்று கைப்பற்றப்பட்டது’ என்று எழுதினால் நாளை நீதிமன்றத்தில் காட்டும் கத்தி அதுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘சமையலறையின் வடக்குச் சுவர் அலமாரி, கீழிருந்து இரண்டாம் தட்டு, எவர்சில்வர் டப்பாவுக்குப் பின்னால், மரப்பிடி போட்ட கத்தி, மொத்த நீளம் 31 செ.மீ., அலகு 19 செ.மீ., பிடியில் இரண்டு பித்தளை ஆணி, பிடியும் அலகும் சேரும் இடத்தில் பழுப்புக் கறை’ என்று எழுதினால் சாட்சி ஐந்து வருடம் கழித்து வந்தாலும் அடையாளம் காட்டுவார்.

மகசர்கள் உடைவது பெரும்பாலும் நேரத்தில்தான். மகசரில் மாலை 4 மணி என்று இருக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிவானது 6 மணிக்கு. ஆனால் மகசரின் தலைப்பில் குற்ற எண் அழகாக எழுதியிருக்கிறது. 4 மணிக்கு அந்த எண் எப்படித் தெரிந்தது? மகசர் பின்னால் எழுதப்பட்டது என்றோ, எண்ணைப் பிறகு சேர்த்தார்கள் என்றோதான் நீதிமன்றம் நினைக்கும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதும் இப்படித்தான் முடியும். சாட்சி கூண்டில் ஏறி, ‘ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன்’ என்று சொல்லி பிறழ் சாட்சியாவார்.

இதற்கெல்லாம் மருந்தாக வந்தது 105ஆம் பிரிவு. சோதனை, கைப்பற்றுதல், பட்டியல் தயாரித்தல், சாட்சி கையெழுத்திடுதல் என முழு நடவடிக்கையும் ஒலி-ஒளிப் பதிவாக வேண்டும். செல்போனே போதும் என்று சட்டம் சொல்கிறது. பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். இதற்காக ‘இ-சாக்ஷ்யா’ என்ற செயலியும் வந்திருக்கிறது. பொருள் கிடைத்த பிறகு கேமராவை ‘ஆன்’ செய்து, எடுத்து வைத்ததை மறுபடி எடுப்பதுபோல் காட்டும் வீடியோ போலீஸுக்கே எதிரான சாட்சியமாகிவிடும். வாசலில் தொடங்கி, சாட்சிகளின் முகமும் கடிகார நேரமும் பதிவாகி, கடைசிக் கையெழுத்து வரை வெட்டில்லாமல் ஓடுவதுதான் பயனுள்ள வீடியோ.

தடயப் பெட்டிக்குள்

ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்கிறது 176(3). மாநிலங்கள் இதை ஐந்து ஆண்டுகளுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர அவகாசம் இருக்கிறது. நிபுணர் வரும்வரை முதலில் போகும் காவலர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நாடா கட்டி, உள்ளே போக வர ஒரே பாதை வைத்து, யார் எத்தனை மணிக்கு நுழைந்தார் என்று எழுதுவது. வேடிக்கை பார்க்க வருபவரைவிட ஆறுதல் சொல்ல வரும் உறவினர்களாலும், பார்வையிட வரும் மேலதிகாரிகளாலும் அழிந்த தடயங்கள் அதிகம்.

எந்தத் தடயமானாலும் வரிசை மாறாது. தொடாமல் படம், அளவுகோல் வைத்துப் படம், வரைபடத்தில் இடம், அதன் பிறகே கை.

கைரேகைக்கு வழவழப்பான கண்ணாடி, எவர்சில்வர், பெயிண்ட் அடித்த கதவு ஆகியவற்றில் பவுடர் போதும். வெளிர் பரப்புக்குக் கறுப்புப் பவுடர், இருண்ட பரப்புக்கு வெள்ளை அல்லது அலுமினியப் பவுடர். நுனி மட்டும் படும்படி மிக மெல்லிய பிரஷ்ஷைச் சுழற்றி, ரேகை தெரியத் தொடங்கியதும் கோடுகளின் போக்கிலேயே ஓட்ட வேண்டும். புதியவர்கள் செய்யும் தவறு பவுடரை அள்ளிப் போடுவது. கோடுகளுக்கு நடுவே உள்ள பள்ளம் அடைந்து ரேகை ஒரே திட்டாகிவிடும். திருத்த வழியில்லை. படமெடுத்த பிறகே ஒட்டுநாடாவால் எடுத்து அட்டையில் பதிக்க வேண்டும். காகிதத்துக்குப் பவுடர் உதவாது. அது நின்ஹைட்ரின் கரைசலுக்குப் போகும்; வியர்வையில் உள்ள அமினோ அமிலத்தோடு சேர்ந்து ஊதா நிறத்தில் ரேகை எழும். பாலித்தீன் பையை மூடிய பெட்டியில் வைத்து, சூப்பர் குளூ பசையின் ஆவியைக் காட்டுவார்கள், வெள்ளையாகப் படியும். ஒன்று நினைவிருக்கட்டும்: ஒரே பிரஷ் வீட்டுக்கு வீடு போனால் ஒருவரின் டி.என்.ஏ.யையும் வீடு மாற்றிவிடும்.

ரத்தம், உமிழ்நீர், விந்து போன்ற உயிரியல் தடயங்களில் எதிரி ஈரம். காய்ந்த கறையை, சுத்தமான பஞ்சுக்குச்சியில் ஓரிரு சொட்டுக் காய்ச்சி வடித்த நீர் விட்டு ஒற்றி எடுக்கிறார்கள். குச்சியை நிழலில் காற்றாட உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். வெயிலும் ஹேர் டிரையரும் கூடாது. ரத்தம் தோய்ந்த சட்டையைப் பாலித்தீன் பையில் கட்டினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி டி.என்.ஏ.யைத் தின்றுவிடும். சட்டை இருக்கும், அதில் கறையும் இருக்கும், ஆய்வகத்திலிருந்து வருவது ‘முடிவு சொல்ல இயலவில்லை’ என்ற அறிக்கை. இரண்டு துணிகளை ஒரே உறையில் வைத்தாலும் வழக்கு போச்சு. ஒன்றின் கறை மற்றொன்றில் படிந்தது என்று சொல்ல இடம் கொடுத்ததாகிவிடும். ஒவ்வொரு பொருளுக்கும் கையுறையை மாற்ற வேண்டும் என்பதும் இதனால்தான்.

தீ வைப்பு வழக்கில் இந்த விதி தலைகீழ். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊறிய சாம்பலைக் காகிதத்தில் வைத்தால் ஆவியாகிவிடும். சாதாரண பாலித்தீனையும் அந்த ஆவி ஊடுருவிப் போகும். காற்றுப் புகாத தகர டப்பாவோ இறுக மூடிய கண்ணாடிக் குப்பியோ வேண்டும், மேலே கொஞ்சம் காலியிடம் விட்டு. அந்த இடத்தில் திரளும் ஆவியைத்தான் ஆய்வகம் உறிஞ்சிப் பார்க்கும்.

ஈரமண்ணில் பதிந்த செருப்புத் தடத்துக்குப் பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் டென்டல் ஸ்டோன் மாவு. ஒரு தடத்துக்கு ஏறக்குறைய 900 கிராம் மாவு, 350 மில்லி தண்ணீர். தோசை மாவுப் பதத்தில் கரைத்து, தடத்தின் மேலேயே கொட்டாமல் பக்கத்தில் ஊற்றி உள்ளே ஓடவிட வேண்டும். நேரே கொட்டினால் விழும் வேகத்தில் நுண்ணிய கோடுகள் அழியும். அரை மணியில் தூக்கலாம். ஒட்டிய மண்ணைத் துடைக்கவோ கழுவவோ கூடாது. முழுதாக உலர ஒரு நாளாவது வேண்டும்.

துப்பாக்கியானால் ஒரே எச்சரிக்கை: குழலுக்குள் பேனா, பென்சில் எதையும் விட்டுத் தூக்காதீர்கள். தோட்டாவை ஒப்பிட உதவும் கீறல்களும் உள்ளே படிந்த துகள்களும் கெடும். சுட்டவர் கையில் ஒட்டும் மருந்துத் துகள்கள் சில மணி நேரத்தில் உதிர்ந்துவிடும், கை கழுவினால் உடனே.

செல்போனும் கேமராவும்

கைப்பற்றிய போனை அங்கேயே திறந்து வாட்ஸ்அப்பை உருட்டுவதுதான் நாம் அறிந்தவற்றில் அதிகம் நடக்கும், அதிகம் சேதம் செய்யும் பழக்கம். திறந்த ஒவ்வொரு செய்தியும் ‘படித்தது’ என்று மாறும். கடைசியாகப் பயன்படுத்திய நேரம் மாறும். கைதுக்குப் பிறகு போன் இயங்கியது என்று அந்தப் போனே சாட்சி சொல்லும். செய்ய வேண்டியது: இருந்த நிலையைப் படமெடுத்து, தொலைவிலிருந்து அழித்துவிடாதபடி நெட்வொர்க்கைத் துண்டித்து, சிக்னல் புகாத ஃபாரடே பையில் வைத்து, ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை மகசரில் எழுதி, முத்திரையிடுவது.

ஆய்வகம் மூலக் கருவியில் கை வைக்காது. எழுதுவதைத் தடுக்கும் கருவியை இடையில் மாட்டி முழு நகல் எடுத்து, இரண்டுக்கும் ‘ஹாஷ்’ மதிப்பைக் கணக்கிடும். எஸ்.எச்.ஏ.-256 முறையில் இது 64 எழுத்து, எண் கொண்ட ஒரு வரிசை. கோப்பில் ஒரு கமா மாறினாலும் வரிசை முழுக்க மாறும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழில் இந்த ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். சான்றிதழில் இரண்டு பகுதிகள்: பதிவை முன்வைப்பவர் ஒப்பமிடுவது ஒன்று, நிபுணர் ஒப்பமிடுவது இன்னொன்று. மூலக் கருவியையே நீதிமன்றத்தில் வைக்காமல் நகலைத் தந்தால் சான்றிதழ் கட்டாயம் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு குறித்து உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதியாகச் சொல்லிவிட்டது.

சிசிடிவியில் அவசரம் முக்கியம். பெரும்பாலான டி.வி.ஆர். பெட்டிகள் இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே எழுதும். ஒரு வாரம், இரண்டு வாரத்தில் காட்சி போய்விடும். இன்னொன்று, பெட்டியின் கடிகாரம். அது 11 நிமிடம் பிந்தி ஓடினால், அதை அன்றே உண்மையான நேரத்தோடு ஒப்பிட்டு மகசரில் எழுதாவிட்டால், குற்றவாளி கொலைக்கு முன்பே ஊரைவிட்டுப் போனதாகக் காட்சி சொல்லும்.

போதைப்பொருளில் விதி இறுகும்

கஞ்சா போன்ற வழக்குகளுக்கு 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் தனி நடைமுறை வைத்திருக்கிறது. தண்டனை கடுமை, அதனால் நடைமுறையும் கடுமை. ஒருவர் உடலைச் சோதிக்கும் முன், நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில்தான் சோதிக்க வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது என்று 50ஆம் பிரிவின்படி தெரிவிக்க வேண்டும். மூன்று பேரை நிற்க வைத்துக் கூட்டாகச் சொன்னால் போதாது, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பைக்குள் இருந்ததற்கு இந்தப் பிரிவு பொருந்தாது, உடல் சோதனைக்கு மட்டுமே.

மாதிரியை நடுவர் முன்னிலையில் எடுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு விதிகளின்படி கஞ்சா, அபின், சரஸ் மாதிரி 24 கிராம். மற்றவற்றுக்கு 5 கிராம். எல்லாம் இரண்டு பிரதிகள்.

விதி மீறினால்?

அமெரிக்கப் படம் பார்த்தவர்கள், சட்டவிரோதச் சோதனையில் கிடைத்தது செல்லாது என்று நினைக்கிறார்கள். இந்தியாவில் பொதுவிதி அப்படி இல்லை. சோதனையில் சட்டமீறல் இருந்தது என்பதற்காக மட்டும் கிடைத்ததை ஒதுக்கிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1973 டிசம்பரில் பூரன் மல் வழக்கில் சொன்னது. நீதிமன்றம் அதை இன்னும் கவனமாக, சந்தேகத்தோடு எடைபோடும், அவ்வளவுதான். ஆனால் மேலே சொன்ன 50ஆம் பிரிவு விதிவிலக்கு. அதை மீறி உடலிலிருந்து எடுத்த போதைப்பொருளை வைத்துத் தண்டனை தர முடியாது என்பது 1999இல் பல்தேவ் சிங் வழக்கின் தீர்ப்பு.

போலீஸிடம் தந்த வாக்குமூலத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ‘அவரைக் குத்திய கத்தியை வைக்கோல் போரில் ஒளித்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்’ என்று கைதானவர் சொல்லி, கத்தி அங்கே கிடைத்தால், ‘வைக்கோல் போரில் ஒளித்து வைத்திருக்கிறேன்’ என்ற பகுதி மட்டும் சாட்சியமாகும். ‘அவரைக் குத்திய’ ஏற்கப்படாது. கத்தியிலுள்ள ரத்தம் யாருடையது என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

உறை போகும் வழி

கைப்பற்றிய பொருளை உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, குற்ற எண், தேதி, கையெழுத்து எழுதி, படிவம் 91 இணைத்து நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகிறது. எந்தக் காவலர் எடுத்துப்போனார், ஆய்வகத்தில் வாங்கியவர் முத்திரை சேதமின்றி இருந்ததாகக் குறித்தாரா, மாதிரி முத்திரையோடு ஒப்பிட்டாரா என்ற ஒவ்வொரு கைமாற்றமும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் இதுதான் முறிந்தது. தூக்குத் தண்டனை பெற்றிருந்தவரை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுதலை செய்தது. டி.என்.ஏ. மாதிரிகள் ஆய்வகம் போய்ச் சேர்ந்த தாமதத்துக்கு விளக்கம் இல்லை, இடையில் யாரிடம் எந்த நிலையில் இருந்தன என்பது நிரூபணமாகவில்லை. உயிரிழந்த இருவரின் குடும்பங்களுக்கு 14 ஆண்டுகளுக்குப் பிறகும் விடை கிடைக்கவில்லை. மறுபக்கம், நம்ப முடியாத சாட்சியத்தின் மேல் ஓர் உயிர் தூக்குமேடை நிழலில் நின்றிருக்கிறது.

அந்தத் தீர்ப்பிலேயே நாடு முழுமைக்கும் நெறிமுறைகள் வந்தன. டி.என்.ஏ. மாதிரி உறையில் முதல் தகவல் அறிக்கை எண், தேதி, சட்டப்பிரிவு, விசாரணை அதிகாரி விவரம் இருக்க வேண்டும். மாதிரி எடுத்த இடத்திலேயே மருத்துவர், விசாரணை அதிகாரி, சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். தாமதமானால் காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் உறையைத் திறக்கக் கூடாது. எடுத்த நாள் முதல் வழக்கு முடியும்வரை யார் காவலில் இருந்தது என்று காட்டும் தனிப் பதிவேடு வேண்டும். அது இல்லாவிட்டால் விசாரணை அதிகாரிதான் விளக்கம் சொல்ல வேண்டும்.